வால்தெமாருக்குச் சளி பிடிக்காது

எங்கள் ஊரான துரஸ்னோவில் யாருக்குச் சளி பிடித்தாலும் குற்றவாளி ஒன்றுதான். இடுக்கு வழியாக வரும் காற்று. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. "முதுகுல காத்து பட்டுடுச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டித் தீர்ப்பை உறுதி செய்துவிடுவார்கள். உடனே ஒருவர் எழுந்து ஜன்னலை இறுக்கிச் சாத்துவார். சாத்திய பிறகு பத்துப் பேரும் விறகு அடுப்பைச் சுற்றி முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரே சுரைக்குடுவையை, அதில் செருகிய ஒரே உலோகக் குழலை, கைமாற்றிக் கைமாற்றி மாத்தே என்கிற இலைத் தேநீரை உறிஞ்சுவார்கள். ஒருவர் உறிஞ்சியதும் பக்கத்தில் இருப்பவர். அவர் இருமிவிட்டுக் கொடுத்ததும் அதற்கடுத்தவர். மறுவாரம் பத்துப் பேரும் படுத்த படுக்கை. அப்போதும் யாரும் குழலைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஜன்னலில் இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்பார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கிற புண்ணியத்தை வருடா வருடம் கட்டிக்கொண்டவர் வால்தெமார் எச்செவெரி. ஆற்றுப் பாலத்துக்குப் போகும் தெருவில் அவருடைய ஹார்டுவேர் கடை. ஆணி, பூட்டு, சிமெண்ட், அடுப்புக்குப் புகைக்குழாய் எல்லாம் உண்டு. ஆனால் அவர் புகழுக்குக் காரணம் ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ரப்பர் பட்டை. எங்கள் பக்கம் குளிர் தொடங்குகிற மே மாதம் பிறந்ததும் ஊரே அவர் கடை முன்னால் நிற்கும். வெறுமனே விற்றுவிட்டு விடுகிற ஆளும் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து ஒட்டிக் கொடுப்பார். அவர் ஒட்டிய ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் மறுபடி அவரையேதான் கூப்பிட வேண்டும். காற்றும் புகாது, கொசுவும் புகாது, உள்ளே இருந்த இருமலும் வெளியே போகாது. கடைசி அம்சத்தைப் பற்றி மட்டும் அவர் விளம்பரம் செய்ததில்லை.

அவருடைய இன்னொரு பெருமை, அவருக்குச் சளியே பிடிக்காது என்பது. அப்பா கையிலிருந்து கடைச் சாவியை வாங்கிய நாள் முதல் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூடக் கடையை அடைத்ததில்லையாம். உண்மைதான், அடைத்ததில்லை. ஒவ்வொரு ஜூலைக் குளிரிலும் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், குரல் தகரத்தை அறுக்கிற மாதிரி வரும். ஆனால் அவற்றுக்கெல்லாம் வேறு பெயர்கள் வைத்திருந்தார். ஒரு வருடம் அலர்ஜி. ஒரு வருடம் சிமெண்ட் தூசி. ஒரு வருடம் சரியான தூக்கமில்லை. சளி என்ற சொல் மட்டும் அவர் வீட்டுப் படி ஏறியதே கிடையாது. கல்லாவில் நின்று தும்மிக்கொண்டே அரை ஊருக்கு ஆணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊரும் அவரை உழைப்பாளி என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது.

நாற்பதைத் தாண்டித்தான் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி நிபியா, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கண்ணாடியில் இருக்கிற ஒரு துளை வழியாக இந்த ஊரின் அத்தனை சாக்குப்போக்கையும் கேட்டுத் தீர்த்தவர். அதனால் யார் பேச்சுக்கும் லேசில் மயங்க மாட்டார். குழந்தை வேண்டும் என்று இருவரும் ஏங்கினார்கள். இரண்டு முறை தங்கவில்லை. மூன்றாவது முறை தங்கியபோது நிபியாவுக்கு வயது நாற்பத்திரண்டு.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் ஒரு ஊசி போடுகிறார்கள். குளிர்காலத்தில் பச்சைக் குழந்தைகளின் மூச்சை அடைக்கிற ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸுக்கு எதிரானது. தாய்க்குப் போட்டால் அந்தப் பாதுகாப்பு வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேருமாம். நிபியாவுக்கும் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை தெற்கிலிருந்து குளிர்ந்த பேய்க்காற்று. வால்தெமார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இந்தக் காத்துல வெளிய போனா உனக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கும். அடுத்த வாரம் போயிக்கலாம்." நிபியாவுக்கு அன்று கால் வேறு வீங்கியிருந்தது. சரியென்று படுத்துவிட்டார். சளிக்குப் பயந்து சளிக்கான ஊசியைத் தள்ளிப்போட்ட சாதனை வால்தெமாருடையது. அடுத்த வாரம் வரை பொறுத்திருக்கக் குழந்தைக்கு மனமில்லை. அதற்குள் அவசர அவசரமாகப் பிறந்துவிட்டது. பெண். பெயர் அம்பாரோ. ஒரு கோழியின் எடைதான் இருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த வைரஸ் பெரியவங்களுக்கு வந்தா வெறும் மூக்கொழுகல். ரெண்டு நாள் தும்மிட்டுப் போயிடுவாங்க. ஆனா இவளோட மூச்சுக்குழாய் சேமியா தடிமன்தான் இருக்கு. கொஞ்சம் வீங்கி, கொஞ்சம் சளி அடைச்சாப் போதும், மூச்சு விடத் திணறிடுவா. அதனால சளி இருக்கிற யாரும் கிட்ட வரக் கூடாது. யாரும் முத்தம் குடுக்கக் கூடாது. தூக்குறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும். வீட்டுல யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. தாய்ப்பால் குடுங்க. அப்புறம் காத்து..."

வால்தெமார் முந்திக்கொண்டார். "அத நான் பாத்துக்கறேன் டாக்டர். என் வீட்டுல ஒரு பொட்டுக் காத்துப் புகாது."

"புகணும்னு சொல்ல வந்தேன். தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் ஜன்னலத் திறந்து வைங்க."

வால்தெமாரின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையைக் கசாப்புக்கடையில் விடச் சொன்னாற்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

உண்மையில் கசாப்புக்கடை அவருக்கு மிகவும் பிடித்த இடம். அதை நடத்தும் பக்கத்துக் கடைக்காரன் வாஷிங்டன்தான் அவருக்கு உயிர்த் தோழன். பெயரைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு வாஷிங்டன் மேல்தான் விழ வேண்டும். தினமும் காலை கடை திறந்ததும் இருவரும் ஒரே குடுவையில் மாத்தே குடிப்பார்கள். இன்றைக்கு இவர் ஊற்றினால் நாளைக்கு அவன். கல்யாணமாவதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய உறவு அது.

அதில்தான் நிபியா கை வைத்தார். குழந்தை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அறிவித்துவிட்டார்.

"வசந்தம் வர்ற வரைக்கும் குடுவை கைமாறக் கூடாது. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கடையிலயும் அப்படித்தான்."

"ஏன் நிபியா, அது சூடான தண்ணி. அந்தச் சூட்டுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்? குழல்லயே வெந்து செத்துடும்."

"அப்படியா? சரி, கெட்டில் மறந்துபோய்க் கொதிச்சிருச்சுன்னா அந்தத் தண்ணிய என்ன பண்ணுவ?"

"கீழ ஊத்திடுவேன்." வால்தெமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொதிச்ச தண்ணிய மாத்தேல ஊத்துறவன்லாம் ஒரு மனுஷனா?"

"ஏன் ஊத்தக் கூடாது?"

"இலை வெந்துடும்ல!"

"இலையே வேகாத தண்ணியில கிருமி மட்டும் எப்படிப்பா வேகும்?"

இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு மருத்துவ உண்மை, அவருடைய சொந்தச் சமையலறையில், டிக்கெட் கொடுக்கிற ஒருத்தியின் வாயால் காலியானது.

வாதத்தில் தோற்றவர்கள் சிலர், ஜெயித்தவரைவிட இரட்டிப்பு பக்தராகிவிடுவார்கள். வால்தெமார் வீட்டு வாசலில் சுங்க அதிகாரியாகிவிட்டார். கதவில் "முத்தம் தடை" என்று பெயிண்டில் எழுதிய பலகை. கையில் சானிட்டைசர் பாட்டில். தான் ஒட்டிய ரப்பர் பட்டையைத் தானே கத்தியால் சுரண்டி எடுத்து, மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நிபியா பிறகு சொல்லிச் சிரித்தார்.

அவருடைய அத்தை எல்பியா ஒரு மழைநாளில் வழக்கம்போல் சுடச்சுடப் பொரித்த ரொட்டியோடு வந்தார்.

"நில்லுங்க அத்தை. இப்பத் தும்முனீங்களா?"

"வெங்காயம் அரிஞ்சேன்டா."

"வெங்காயம் அரிஞ்சாக் கண்ணுல தண்ணி வரும். மூக்குல எதுக்கு வருது?"

"அடப்பாவி! அப்ப நான் கொழந்தையப் பாக்கவே கூடாதா?"

"ஜன்னல் வழியாப் பாருங்க. ரொட்டியக் குடுங்க."

ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அத்தை அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய், தன் மருமகன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் புத்தி கெட்டுப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். வால்தெமார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்காகக் கெட்ட பெயர் வாங்குவது அவருக்குப் பிடித்தும் இருந்தது. அவளுடைய தொட்டிலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதையே வேலையற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் வீடு வேறு, கடை வேறு. கடையில் குழந்தை கிடையாது. எனவே கடையில் வைரஸும் கிடையாது. இந்தக் கணக்கு அவருக்கு மிகச் சரியாகப் பட்டது. தன் குடுவையைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்க் கடை அலமாரியில் பத்திரமாக வைத்தார். அது அங்கேயே பத்திரமாக இருந்தது.

ஜூலை நடுவில் ஒரு காலை வாஷிங்டன் கண் சிவந்து, மூக்கு சிவந்து வந்து சேர்ந்தான். ஊற்றுகிற முறை அவனுடையது.

"என்னடா மூஞ்சி இது?"

"ஒண்ணுமில்ல. ஐஸ் ரூமுக்குள்ள போயிட்டு வெளிய வந்தேன், காத்து பட்டுடுச்சு."

சொல்லிக்கொண்டே கையில் தும்மினான். கையை ஏப்ரனில் துடைத்தான். அதே கையால் பிளாஸ்க்கைத் திறந்து, முதல் சுற்றைத் தான் குடித்து முடித்து, அதே குடுவையை மறுபடி நிரப்பி வால்தெமாரிடம் நீட்டினான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் மாத்தே வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான் உண்டு. "நன்றி." குடித்து முடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், என்னை விட்டு அடுத்தவருக்குக் கொடு என்று அர்த்தம். நாலைந்து சுற்றுக்குப் பிறகு சொன்னால் மரியாதை. முதல் குடுவையை வாங்காமலே சொன்னால், உன் வாய் எனக்கு அருவருப்பு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வதற்குச் சமம். அப்படிச் சொல்லிப் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்.

அந்தச் சொல் வால்தெமாரின் நாக்கு நுனி வரை வந்தது. அத்தையை மழையில் நிறுத்திய வீரர், சானிட்டைசர் பாட்டில் ஏந்திய சுங்க அதிகாரி, நண்பனின் முகத்தைப் பார்த்தார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாஞ்சையோடு குடுவையை நீட்டிக்கொண்டிருந்தான். அலமாரியில் இருக்கிற தன் குடுவையை இப்போது எடுத்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு வாய்தானே என்று வாங்கினார். ஏழெட்டு வாய் குடித்தார்.

சில நாளில் அவருக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது.

"என்ன, மூக்க உறிஞ்சுற?" என்றார் நிபியா.

"சிமெண்ட் மூட்டை வந்து இறங்குச்சு. தூசி."

அந்த வாரம் சிமெண்ட் வரவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் அவரே நம்பினார். இத்தனை வருடப் பழக்கம், அவர் மூக்கு ஒழுகினால் அது தூசியாகத்தான் இருந்தாக வேண்டும். கையைக்கூட ஒழுங்காகச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஆனால் நிபியா குளிக்கப் போன நேரத்தில் அம்பாரோவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டபோது, அந்த உச்சந்தலை வாசனை மூக்கில் ஏறியது. பால் வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்த ஒன்று. முத்தம் தடை என்று எழுதிய கையாலேயே அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, நெற்றியில், கன்னத்தில், மூக்கு நுனியில் கொடுத்துத் தீர்த்தார். பெற்ற பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதைத் தடுக்க எந்தப் பலகையால் முடியும்? அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனது வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் குழந்தைக்கு லேசாக மூக்கடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் குடிக்கவில்லை. இரண்டு உறிஞ்சு உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள். மறுபடி வாயை வைப்பாள், களைத்துப் போவாள். மத்தியானத்துக்குள் மூச்சு குடுகுடுவென்று ஓடியது.

"மூக்கடைப்புதான். இன்னொரு போர்வை போட்டு நல்லாச் சுத்தி வெச்சா..." என்று ஆரம்பித்தார் வால்தெமார்.

நிபியா ஏற்கனவே சுற்றியிருந்த போர்வையையும் பிரித்தார். சட்டையைத் தூக்கினார். "இங்க பாரு."

வால்தெமார் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போனது. நாசி இரண்டும் விரிந்து விரிந்து மூடின. அழவில்லை. பசிக்கும், ஈரத்துக்கும், ஒன்றுமில்லாததற்கும் வீட்டை இரண்டாக்குகிறவள், இப்போது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டு சத்தமே இல்லாமல் கிடந்தாள்.

கடை வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். கூடம் நிறைய இதே மாதிரி குழந்தைகள், இதே மாதிரி முகங்கள். எல்லா வருடமும் ஜூலையில் அந்தக் கூடம் அப்படித்தான் இருக்கும். அம்பாரோவைப் பார்த்ததும் வரிசையைத் தாண்டி உள்ளே எடுத்துப் போனார்கள். மூக்கில் மெல்லிய குழாய் செருகி ஆக்சிஜன் வைத்தார்கள்.

"நல்ல ஆன்டிபயாடிக் எதாவது குடுங்க சிஸ்டர். எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்தாலும் பரவால்ல" என்று வால்தெமார் கெஞ்சினார்.

"இது வைரஸ். ஆன்டிபயாடிக் இதுக்கு ஒண்ணும் செய்யாது. ஆக்சிஜன் குடுப்போம், மூக்க சுத்தம் பண்ணுவோம், குழாய் வழியாப் பால் குடுப்போம். மத்தத அவதான் ஜெயிச்சு வரணும்." நர்ஸ் நிமிர்ந்தாள். "நீங்கதான் அப்பாவா? அம்மா, அப்பா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பக்கத்துல உக்காரலாம். ஆனா சளி இருக்கிறவங்களுக்கு வார்டுல அனுமதி இல்ல, உள்ள இன்னும் சின்னச் சின்னக் குழந்தைங்க இருக்கு. வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?"

அலர்ஜி என்ற சொல் அவரிடம் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் அம்பாரோவைவிடச் சின்னதாக ஒன்று, யாருடைய பிள்ளையோ, குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத்தான்" என்றார்.

"என்னது?"

"சளி. நாலஞ்சு நாளா இருக்கு. சிமெண்ட் இல்ல."

இதில் சிமெண்ட் எங்கே வந்தது என்று நர்ஸுக்குப் புரியவில்லை. நிபியாவுக்குப் புரிந்தது. திரும்பி ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் வால்தெமாருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நிபியாவோ குழந்தை பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் அவருக்கு ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, கதவுக்கு வெளியே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு வாஷிங்டன் ஓடி வந்தான். கக்கத்தில் பிளாஸ்க், கையில் குடுவை. கட்டிப்பிடிக்க வந்தவனை வால்தெமார் கையை நீட்டி நிறுத்தினார்.

"கொழந்தைக்கு என்னடா ஆச்சு? காத்து பட்டுடுச்சா?"

"காத்து படல. நான்தான்டா பட்டுட்டேன்."

வாஷிங்டனுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல் ஒரு குடுவை ஊற்றினான். யாரிடமும் நீட்டவில்லை. தானும் குடிக்கவில்லை. ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வால்தெமார் அந்த நாற்காலியிலேயே கிடந்தார். முதல் முறையாகக் கடை பூட்டியிருந்தது. நிபியா அவ்வப்போது கதவருகே வந்து, தள்ளி நின்று, "அப்படியேதான் இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மறுநாளும் அப்படியேதான் இருந்தாள். அதற்கு மறுநாள் நிபியா கதவருகே வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கதவைத் திறந்துகொண்டு போகிறவர்கள் வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வண்டி உள்ளே போகக் கதவு திறந்தபோது ஒரு அழுகை கேட்டது. கரகரத்த, கோபமான, அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. வால்தெமார் எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர், அது யாரு அழுறது?"

"உங்க பொண்ணுதான்ப்பா." நர்ஸ் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குழாய எடுத்துட்டு அம்மா பால் குடுக்கப் பாக்குறாங்க, அதான் இந்தக் கோபம். வந்தப்ப அழறதுக்குக்கூட மூச்சு இல்ல அவளுக்கு. இப்பக் கேளுங்க."

"கதவக் கொஞ்ச நேரம் இப்படியே திறந்து வெச்சிருங்களேன்."

"முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வால்தெமார் மூடிய கதவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டார். உள்ளே அம்பாரோ கத்திக்கொண்டே இருந்தாள். மாஸ்க் நனைந்துபோகிற அளவுக்கு அழுதுகொண்டு, அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.